மாண்டிசோரி வீடும் எல்லையோர மழலையும் – ஒரு மறுபார்வை

முன்னுரை

களியக்காவிளையில் பேருந்து ஏறி இஞ்சிவிளை, பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை வழியாக நெய்யாற்றின்கரை போய்ச் சேர்வதற்குள் மழலையர் பள்ளிகளின் பெயர்ப்பலகைகள் பல கண்ணில் படும். சிலவற்றில் 'மாண்டிசோரி' என்ற சொல்லும் இருக்கும். அந்தச் சொல்லைச் சொல்லும்போது பெற்றோர் முகத்தில் ஒரு நிறைவு தெரியும். "பிள்ளைய மாண்டிசோரியிலயாக்கும் சேத்திருக்கு" என்பார்கள். அது என்ன முறை, யார் அந்த அம்மையார், நம் மண்ணுக்கும் அவருக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் விடை ஒன்றுதான்: "இங்கிலீஷ் நல்லா பேசும்."

இந்த விடைதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. மரியா மாண்டிசோரி அம்மையாரின் கல்விக் கொள்கை ஆங்கிலம் பேச வைக்கும் கொள்கை அன்று. பிறந்தது முதல் ஆறு வயது வரை குழந்தை தன்னைச் சூழ்ந்துள்ளவற்றை எவ்வாறு உள்வாங்கி மனிதனாகிறது என்பதே அவருடைய அக்கறை. அந்தக் கொள்கையை எல்லையோர ஊர்களின் மொழிநிலையோடு வைத்துப் பார்ப்பதும், கொள்கையில் உள்ள குறை எது, நாம் அதைக் கையாண்ட விதத்தில் உள்ள குறை எது என்று பிரித்துக் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கம்.

அடையாறில் ஊன்றிய விதை

1870-இல் இத்தாலியில் பிறந்த மாண்டிசோரி அடிப்படையில் ஒரு மருத்துவர். மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளிடையே பணியாற்றியபோது இட்டார், செகான் என்ற இரு பிரெஞ்சு மருத்துவர்களின் வழிமுறைகளைக் கற்று, அவற்றை மற்றக் குழந்தைகளுக்கும் பயன்படுத்தலாம் என்று கண்டார். 1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் 'குழந்தைகள் வீடு' திறக்கப்பட்டது. அங்கே வந்தவர்கள் கூலித் தொழிலாளர்களின் பிள்ளைகள். அவர்களைப் பார்த்துக்கொண்ட பெண்ணும் பெரிய பயிற்சி பெற்றவர் அல்லர். உலகப் புகழ் பெற்ற இக்கல்விமுறை பணக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டதன்று என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

1931-இல் இலண்டன் சென்றிருந்த காந்தியடிகள், மாண்டிசோரியின் பயிற்சிக் கல்லூரியில் பேசியபோது, வசதி படைத்தோர் பிள்ளைகளுக்கு மட்டுமின்றி வறியவர் பிள்ளைகளுக்கும் இக்கல்வி எட்ட வேண்டும் என்ற விருப்பத்தை வெளியிட்டார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1939 நவம்பரில், அம்மையாரே சென்னைக்கு வந்து சேர்ந்தார். பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேல், அவருடைய துணைவியார் ருக்மிணி தேவி ஆகியோரின் அழைப்பு அது. அடையாறில் ஓலைக் கொட்டகைகளில் சுமார் 300 பேருக்கு முதல் பயிற்சி வகுப்பு நடந்தது. 1940-இல் இத்தாலி போரில் இறங்கியதும் அவருடைய மகன் மாரியோ சிறைமுகாமில் வைக்கப்பட்டார். அம்மையார் அடையாறு வளாகத்துக்குள் இருக்க வேண்டியதாயிற்று. அவருடைய 70-ஆம் பிறந்தநாளன்று மகன் விடுவிக்கப்பட்டார். பிறகு சில ஆண்டுகள் கொடைக்கானலில் தங்கினார். 1946 வரை இங்கிருந்தார். 1947-இல் மீண்டும் வந்து 1949 வரை பணியாற்றினார். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்தக் காலத்தில் அவரிடம் பயிற்சி பெற்றனர்.

அவருடைய முதிர்ந்த சிந்தனை என்று கருதப்படும் 'உறிஞ்சும் மனம்' என்ற நூல் 1949-இல் அடையாறிலிருந்துதான் வெளிவந்தது. தமிழ்நாட்டில் அச்சேறிய உலகக் கல்வி நூல் அது. ஆனால் அம்மையார் இத்தாலிய மொழியில் பேசினார். மகன் அதை ஆங்கிலத்தில் சொன்னார். கேட்டவர்கள் ஆங்கிலத்தில் குறிப்பெடுத்தனர். ஓலைக் கூரை நம்முடையது, மாணாக்கர் நம்மவர், மொழி மட்டும் வேறு. மாண்டிசோரியும் ஆங்கிலமும் ஒன்று என்ற மயக்கத்துக்கு இதுவும் ஒரு வேர் எனலாம்.

வடக்கே இந்த மயக்கம் இந்த அளவுக்கு இல்லை. மாண்டிசோரி இந்தியா வருவதற்கு முன்பே, 1920-இல் பாவ்நகரில் கிஜுபாய் பதேகா பால்மந்திரைத் தொடங்கி, இம்முறையைக் குஜராத்தி மொழிக்கும் நாட்டுப்புறக் கதைக்கும் பாட்டுக்கும் உரியதாக மாற்றிக்கொண்டார். அவருடன் பணிபுரிந்த தாராபாய் மோடக் மகாராஷ்டிரத்தின் போர்டியிலும் பின்னர் கோஸ்பாட்டிலும் பழங்குடிக் குழந்தைகளிடம் அதைக் கொண்டுசென்றார். விலை உயர்ந்த மரக் கருவிகளுக்குப் பதில் கூழாங்கல், இலை, விதை, ஓடு ஆகியவற்றைப் பயன்படுத்தினார். குழந்தை பள்ளிக்கு வராவிட்டால் பள்ளி குழந்தையின் முற்றத்துக்குப் போகட்டும் என்றார். 'பால்வாடி', 'அங்கன்வாடி' என்று இன்று நாம் வழங்கும் சொற்களுக்குப் பின்னால் அவருடைய உழைப்பு இருக்கிறது. அவ்விருவரும் செய்தது வெறும் மொழிபெயர்ப்பு அன்று, மண்மாற்றம். அப்படி ஒரு மண்மாற்றம் தமிழில் அந்த ஆழத்தில் நிகழவில்லை என்பது என் கருத்து.

நூலின் வலிமையும் குறையும்

அம்மையாரின் மையக் கருத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். முதல் மூன்று ஆண்டுகளில் குழந்தை தன்னையறியாமல் சூழலை உறிஞ்சிக்கொள்கிறது; மூன்று முதல் ஆறு வரை, உறிஞ்சியதைக் கையால் தொட்டும் பயன்படுத்தியும் ஒழுங்குபடுத்திக்கொள்கிறது. மொழிக்குரிய கூருணர்வுக் காலம் இதுவே. பெரியவர்கள் பல ஆண்டுகள் முயன்றும் பிடிபடாத ஒலிநுட்பம், யாரும் கற்பிக்காமலே குழந்தையின் நாவில் வந்து அமர்கிறது. இக்கருத்தில் எனக்கு மறுப்பில்லை. 'ழ' என்ற ஒலியை நம் குழந்தைகள் யாரிடம் பாடம் கேட்டார்கள்?

ஆனால் இதை விளக்க அவர் கையாளும் உவமை நிழற்படக் கருவி. கருவி எதிரே உள்ளதை அப்படியே பதிவு செய்வதுபோல மனமும் பதிவு செய்கிறது என்பது அதன் சாரம். இங்கேதான் எனக்குத் தடை. எதிரே இருப்பது ஒரே காட்சி என்று இந்த உவமை எடுத்துக்கொள்கிறது. எல்லையோரக் குழந்தையின் எதிரே இருப்பது ஒரு காட்சி அன்று. வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், இரண்டும் கலந்த உறவினர் பேச்சு, தொலைக்காட்சியில் இரண்டு மொழி, பள்ளியில் ஆங்கிலம். இத்தனையும் சம எடையில் விழுவதில்லை. எதற்கு மதிப்பு, எதற்குத் தண்டனை, எதைப் பேசினால் அம்மா முகம் மலர்கிறது, எதைப் பேசினால் டீச்சர் முகம் சுளிக்கிறார் என்பதையும் சேர்த்தே குழந்தை உறிஞ்சுகிறது. நிழற்படக் கருவிக்கு வெட்கம் கிடையாது, குழந்தைக்கு உண்டு. மொழிகளுக்கிடையே உள்ள மேடு பள்ளம் அம்மையாரின் நூலில் போதிய இடம் பெறவில்லை. அது கொள்கையின் குறை.

அவருக்கு மறுப்புச் சொன்னவர்கள் வேறு குறைகளைச் சுட்டியதுண்டு. 1914-இல் அமெரிக்கக் கல்வியாளர் கில்பாட்ரிக், கருவிகளை இன்னபடிதான் பயன்படுத்த வேண்டும் என்ற கட்டுப்பாடு கற்பனையைச் சுருக்கும் என்றார். கதைக்கும் பாவனை விளையாட்டுக்கும் அம்மையார் தந்த இடம் குறைவு என்பதும் உண்மையே. கிஜுபாய் கதையை உள்ளே கொண்டுவந்ததே அதற்குச் சரியான திருத்தம். பாட்டி வடை சுட்ட கதை இல்லாத மழலையர் பள்ளியை நம்மால் நினைத்துப் பார்க்க முடியுமா?

பெயரும் பொருளும்

இனி, நாம் கையாண்ட விதத்துக்கு வருவோம். 'மாண்டிசோரி' என்ற சொல் யாருக்கும் உரிமையான வணிகப் பெயர் அன்று. 1967-இல் அமெரிக்காவில் எழுந்த வழக்கிலேயே அது ஒரு கல்விமுறையைச் சுட்டும் பொதுச்சொல் என்று முடிவாயிற்று. ஆகவே எவரும் எந்தப் பலகையிலும் அதை எழுதிக்கொள்ளலாம்.

உண்மையான மாண்டிசோரி வகுப்பில் மூன்று முதல் ஆறு வயதுவரை உள்ள குழந்தைகள் ஒன்றாக இருப்பர். தான் தேர்ந்தெடுத்த வேலையில் குழந்தை நெடுநேரம், ஏறத்தாழ மூன்று மணி நேரம், தடையின்றி ஈடுபடலாம். ஒரு செ.மீ. முதல் பத்து செ.மீ. வரை வளரும் பத்துக் கனசதுரங்கள் கொண்ட இளஞ்சிவப்புக் கோபுரம், பத்து செ.மீ. முதல் ஒரு மீட்டர் வரை நீளும் சிவப்புக் கோல்கள், சொரசொரப்பான மணல்தாளில் வெட்டிய எழுத்துகள் ஆகியவை அங்கே இருக்கும். தவறைச் சுட்டிக்காட்டுவது ஆசிரியர் அல்லர், கருவியே காட்டிக்கொடுக்கும். பரிசும் இல்லை, அடியும் இல்லை, தேர்வும் இல்லை.

பெயர்ப்பலகை மாண்டிசோரியில் பெரும்பாலும் நாம் காண்பது வேறு. எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று வயதுவாரியாகப் பிரித்த வகுப்பு, பெஞ்சு, நான்கு வயதில் வீட்டுப்பாடம், ஐந்து வயதில் தேர்வு, அலமாரியில் பூட்டிவைத்த கருவிகள். பார்வையாளர் வரும் நாளில் கோபுரம் வெளியே வரும்.

இந்த வேறுபாடு சிறிதன்று. ஆஞ்சலின் லில்லார்டு என்ற உளவியலாளர் 2006-இலும் பின்னரும் வெளியிட்ட ஆய்வுகள் இங்கே எண்ணத்தக்கவை. 2012-இல் வெளிவந்த ஆய்வில், முறையை முழுமையாகப் பின்பற்றிய வகுப்புகளின் குழந்தைகள், அதனோடு வழக்கமான பயிற்சித்தாள்களைக் கலந்துகொண்ட வகுப்புகளின் குழந்தைகளைவிடக் கூடுதலாக முன்னேறியதாகக் கண்டனர். 2025-இல் வெளிவந்த பெரிய ஆய்வு, 24 அமெரிக்க அரசு மாண்டிசோரிப் பள்ளிகளுக்குக் குலுக்கல் முறையில் இடம் கேட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தது. இடம் பெற்றவர்கள் ஐந்தாறு வயதில் வாசிப்பு, நினைவாற்றல், தன்னடக்கம், பிறர் மனம் அறிதல் ஆகியவற்றில் மேம்பட்டிருந்தனர். ஆகவே முறையில் சாரம் உண்டு. பலகையில் சாரம் இல்லை. ஆனால் அவை அமெரிக்கச் சூழலில் நடந்த ஆய்வுகள். நம் ஊர் மொழிச் சிக்கலை அளக்க அவை புறப்படவில்லை. அந்தக் கணக்கை நாம்தான் போட வேண்டும்.

எல்லை எங்கே இருக்கிறது?

1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூரின் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. மார்ஷல் நேசமணி தலைமையில் நடந்த இயக்கத்தையும், 1954 ஆகஸ்டு 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டையும் இம்மலரின் வாசகர்கள் நன்கு அறிவர். அவற்றை விரிக்க வேண்டியதில்லை. கோடு போடப்பட்டது நிலத்தில். பேச்சில் போடப்படவில்லை. களியக்காவிளை, இஞ்சிவிளை, அமரவிளை என்று இருபுறமும் ஊர்ப்பெயர்கள் 'விளை' என்றே முடிகின்றன. பனச்சமூட்டுச் சந்தையில் சரக்கு வாங்கும்போது நாம் நிற்பது எந்த மாநிலம் என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

தமிழிலும் மலையாளத்திலும் எழுதப்பட்ட பாடநூல்கள் இந்த மண்ணின் பேச்சுக்கு அயல்தான். ஓர் எடுத்துக்காட்டு. மாண்டிசோரி வகுப்பில் படமும் பெயரும் கொண்ட அட்டைகள் உண்டு. ஒரு கிழங்கின் படத்தைக் காட்டுகிறோம். தமிழ்நாட்டுப் பாடநூல் 'மரவள்ளி' என்னும். வடக்கே போனால் மலையாளி 'கப்ப' என்பார். ஆங்கில நர்சரி 'டாப்பியோக்கா' என்னும். பாறசாலையிலும் விளவங்கோட்டிலும், தமிழரானாலும் மலையாளியானாலும், குழந்தை வீட்டில் கேட்கும் சொல் 'மரச்சீனி'. விசாகம் திருநாள் மகாராஜா காலத்தில் திருவிதாங்கூரில் ஊக்கப்படுத்தப்பட்ட பயிர் அது. இரண்டு மொழிக்காரரும் ஒரே பெயரில் அதைத் தின்று வளர்ந்தார்கள். எந்த அட்டையிலும் அந்தப் பெயர் இல்லை. சிரட்டையும் அப்படித்தான், சென்னைப் பக்கம் அது கொட்டாங்குச்சி. 'சக்கை' என்றால் குழந்தைக்கு நாவில் தேன். நூலில் அது பலா. குழந்தை தெரிந்துவைத்திருக்கும் சொல் தவறு என்றும், தெரியாத சொல்லே சரி என்றும் முதல்நாளே கற்பிக்கப்படுகிறது. 'சூழலை ஆயத்தம் செய்' என்ற அம்மையாரின் கட்டளைக்கு இது நேர் எதிரானது. வீட்டுச் சொல்லை வைத்துத் தொடங்கி நூற்சொல்லுக்குப் போவதே முறை.

எழுத்துக்கு முன் காது

மணல்தாள் எழுத்தைக் குழந்தை விரலால் தடவிப் பார்க்கிறது. கண்ணும் கையும் காதும் ஒன்றுசேர்கின்றன. இது நமக்குப் புதிதன்று. ஆசான் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் எழுதிப் படித்த தலைமுறைகள் நம் பக்கம் உண்டு. விஜயதசமியன்று அரிசியில் விரல் பிடித்து எழுதவைப்பது இன்றும் இருபுறமும் நடக்கிறது. சென்னையில் ஆண் அநாதைக் குழந்தைகள் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளிகளில் மணலில் எழுதுவதைக் கண்டு தம் பள்ளியில் புகுத்தி, 1797-இல் அதைப் பற்றி இங்கிலாந்தில் நூலும் வெளியிட்டார். அந்நாட்டுப் பள்ளிகளில் அது 'சென்னை முறை' என்றே பரவியது. மணலெழுத்து நம்மிடமிருந்து கடல் தாண்டியதை நாம் மறந்தோம்; மணல்தாளை மட்டும் விலை கொடுத்து வாங்குகிறோம்.

தமிழ் எழுத்தில் ஒரு நுட்பம் உண்டு. 'க' என்ற ஒரே எழுத்து, 'கல்' என்பதில் வல்லோசை, 'தங்கம்' என்பதில் மெல்லினத்தை அடுத்த ஓசை, 'அகம்' என்பதில் இன்னும் நெகிழ்ந்த ஓசை. மலையாளத்தில் இதற்கெனத் தனித்தனி எழுத்துகள் உண்டு. தமிழில் இடம் பார்த்து ஓசை தானாக வரும். யாருக்கு? தமிழைக் காதால் கேட்டு வளர்ந்த குழந்தைக்கு. அக்குழந்தை 'தங்கம்' என்று எழுத்துக் கூட்டும்போது விதி தெரியாமலே சரியாக வாசிக்கும். காதில் தமிழ் இல்லாத குழந்தைக்கு இது பெரும் புதிர். ஆக, தமிழ் எழுத்து தமிழ்ப் பேச்சின்மேல் நிற்கிறது. மூன்று முதல் ஆறு வயதுக்குள் பேச்சை இழந்துவிட்டு, ஏழு வயதில் எழுத்தை மட்டும் கற்பித்தால் அது கற்றோரின் தமிழாகவும் ஆகாது, வீட்டுத் தமிழாகவும் ஆகாது. 247 எழுத்து என்ற அச்சம் பிறப்பதும் இங்கேதான்.

உயிர்மெய்யை நகரும் எழுத்துகளாகச் செய்வதிலும் சிந்திக்க வேண்டியது உண்டு. 'கொ' என்பதில் கொம்பு முன்னே நிற்கிறது, கால் பின்னே நிற்கிறது; ஓசையோ மெய்க்குப் பின் வருகிறது. இத்தாலிய எழுத்துக்குச் செய்த பெட்டியை அப்படியே எடுத்துவைத்தால் பயன்படாது. மலையாளத்திலும் இதே நிலைதான். தமிழ், மலையாள ஆசிரியர்கள் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரே பெட்டியில் இரண்டு மொழிக்கும் வழி காணலாம்.

எண்ணும் நாழியும்

அம்மையாரின் கணிதக் கருவிகள் பத்தின் அடுக்கை மணிகளால் காட்டுபவை. பதினொன்று முதல் பத்தொன்பது வரை கற்பிக்கத் தனிப் பலகை உண்டு. ஏனெனில் ஐரோப்பிய மொழிகளில் அப்பெயர்கள் எளிதில் பிடிபடா. ஆங்கிலத்தின் 'லெவன்', 'ட்வெல்வ்' என்ற சொற்களில் பத்து எங்கே இருக்கிறது? தமிழின் 'பதினொன்று', 'பன்னிரண்டு' இரண்டிலும் பத்து வெளிப்படையாக நிற்கிறது. மலையாளத்திலும் அப்படியே. 'தொண்ணூறு', 'தொள்ளாயிரம்' என்ற இடத்தில் மட்டும் இரண்டு மொழியும் ஒன்றுபோல வழுக்கும்! சொல்லே பாதிக் கணக்கைக் கற்பித்துவிடும் மொழியில் பிறந்த குழந்தையை, சொல் உதவாத மொழியில் எண்ணச் சொல்லி, பிறகு அந்தக் குறையைப் போக்க விலை உயர்ந்த பலகை வாங்குகிறோம்.

நம் பாட்டிமார் அடுக்களையில் இருந்த அளவைகளை எண்ணிப் பாருங்கள். இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. நான்கு நாழி ஓர் இடங்கழி. பத்து இடங்கழி ஒரு பறை. ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் இந்தப் பாத்திரங்களில் அரிசியை அளந்து ஊற்றும் குழந்தை, கையால் கணக்கைத் தொடுகிறது. ஊற்றுதல், அளத்தல், துடைத்தல் ஆகியவற்றை 'நடைமுறை வாழ்க்கைப் பயிற்சி' என்று அம்மையார் வகுத்தார். உழக்கும் நாழியும் இருந்த வீட்டில் அது நடந்துகொண்டேதான் இருந்தது. பல்லாங்குழியில் புளியங்கொட்டை பகிர்வதும் அந்த வகைதான்.

ஒரு பாட்டியின் மௌனம்

வெள்ளறடைப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தபோது கண்டதைச் சொல்ல வேண்டும். நான்கு வயதுப் பேரன், அவனைப் பகல் முழுதும் பார்த்துக்கொள்ளும் பாட்டி. "இஞ்ச வா மக்களே, பாட்டா வந்திருக்காரு பாரு" என்றார் பாட்டி. பையன் வந்தான், என்னைப் பார்த்துச் சிரித்தான், "ஹலோ" என்றான். பேச்சுக் கொடுத்தேன். எல்லாம் விளங்கிக்கொண்டான், பதில் மட்டும் ஓரிரு ஆங்கிலச் சொல்லில் வந்தது.

"நாம பேசுறது பிள்ளைக்கு மனசிலாவும். ஆனா வீட்டுலயும் இங்கிலீஷ்தான் பேசணும்னு பள்ளியில சொல்லி விட்டிருக்கு. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. அதனால நான் பேச்சக் கொறச்சிட்டேன்" என்றார் அந்த அம்மா. குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. பேரனின் நன்மைக்காகத் தாம் செய்யும் தியாகம் என்ற நினைப்பில், சற்றுப் பெருமையோடேயே சொன்னார்.

அப்பள்ளியின் பலகையிலும் 'மாண்டிசோரி' என்ற சொல் உண்டு. குழந்தைக்கு மொழி எங்கிருந்து வருகிறதோ அந்த ஊற்றை மூடச் சொல்லிவிட்டு, மொழிக்கான கூருணர்வுக் காலத்தைக் கண்டறிந்த அம்மையாரின் பெயரை வாசலில் எழுதி வைப்பதைவிடப் பெரிய முரண்பாடு என்ன இருக்க முடியும்? அந்தப் பையன் இழந்தது தமிழை மட்டும் அன்று. பகலில் எட்டு மணி நேரம் தன்னோடு பேசிக்கொண்டிருக்கக்கூடிய ஒரு மனிதரை இழந்தான். கதை, ஏச்சு, கொஞ்சல், ஊர்வம்பு, பழமொழி எல்லாம் சேர்ந்த பேச்சை ஓரிரு ஆங்கிலச் சொல்லால் ஈடுசெய்ய முடியாது.

பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். செவிலியர் பணிக்கும் வளைகுடாவுக்கும் போய்க் குடும்பம் தாங்கிய ஊர்கள் இவை. ஆங்கிலம் சோறு போடும் என்பது அவர்கள் அனுபவம். ஆங்கிலம் வேண்டாம் என்பது இக்கட்டுரையின் வாதம் அன்று. தாய்மொழியில் நிறையப் பேசிய குழந்தைக்கு மற்ற மொழி ஏறும். ஒன்றிலும் நிறையப் பேசாத குழந்தைக்கு எதுவும் அரைகுறையே என்பதுதான் வாதம்.

சட்டம் தொடங்கும் வயது

கேரளத்தில் 2011 கணக்கெடுப்பின்படி தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் சுமார் 5 லட்சம் பேர். மொழிச் சிறுபான்மையினர் என்ற முறையில் நம் உரிமைக்கு நாம் காட்டுவது அரசியல் சட்டத்தின் 350-அ பிரிவு. மாநிலச் சீரமைப்பு நடந்த அதே 1956-இல் சேர்க்கப்பட்ட இப்பிரிவு, தொடக்கக் கல்வி நிலையில் தாய்மொழிவழிக் கற்பிக்க வசதி செய்யச் சொல்கிறது. நல்லது. ஆனால் தொடக்கக் கல்வி என்பது ஆறு வயதுக்கு மேல். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமும் 6 முதல் 14 வயது வரைதான். 2002-இல் திருத்தப்பட்ட 45-ஆம் பிரிவு, ஆறு வயது வரை குழந்தைப் பராமரிப்பும் கல்வியும் தர அரசு முயல வேண்டும் என்கிறது. மொழி பற்றிப் பேசவில்லை. 2006-இன் தமிழ்நாட்டுத் தமிழ் கற்றல் சட்டமும், 2017-இன் கேரள மலையாள மொழிச் சட்டமும் ஒன்றாம் வகுப்பிலிருந்து நடப்பவை.

மாண்டிசோரி சொல்வது சரியானால், மொழியின் அடித்தளம் ஆறு வயதுக்குள் அமைந்துவிடுகிறது. சட்டம் வந்து கதவைத் தட்டும்போது வீடு கட்டி முடிந்திருக்கும். தமிழ்ப் பிரிவு வேண்டும், தமிழாசிரியர் வேண்டும் என்று நாம் தீர்மானம் போட்டு மனுக் கொடுப்பது ஒன்றாம் வகுப்புக்கு. பிள்ளைகளை இழப்பது அதற்கு முந்திய மூன்று ஆண்டுகளில். தமிழ் வகுப்புக்குப் பிள்ளை சேரவில்லை என்று அதிகாரிகள் சொல்லும்போது நம்மிடம் பதில் இல்லாமல் போவது இதனால்தான். 2020-இன் தேசியக் கல்விக் கொள்கையும் 2022-இன் அடிப்படை நிலைக் கலைத்திட்டமும் மூன்று வயது முதல் வீட்டுமொழி என்ற கருத்தை ஏற்றிருக்கின்றன. அக்கொள்கையின் பிற பகுதிகளில் கருத்து வேறுபாடு உள்ளவர்களும் இந்தக் கருத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

உண்மையான 'குழந்தைகள் வீடு' எது?

1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாட்டில் தொடங்கியது. கேரளத்தில் முதலில் வேங்ஙரையில். இன்று கேரளத்தில் 33 ஆயிரத்துக்கும், தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் உள்ளன. எல்லையின் இருபுறமும் நடந்து போகும் தூரத்தில் ஒன்று இருக்கும். அங்கே மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகள் ஒன்றாகத்தான் இருக்கிறார்கள். பார்த்துக்கொள்பவர் அதே ஊர்ப் பெண். பேசுவது ஊர்ப்பேச்சு. கட்டணம் இல்லை, தேர்வு இல்லை, மதியம் சோறு உண்டு. சான் லொரென்சோவின் முதல் வீட்டை இவற்றோடு ஒப்பிட்டால், நம் ஊரில் மாண்டிசோரிக்கு மிக நெருங்கி நிற்பது பலகை மாட்டிய பள்ளி அன்று, அந்த ஒற்றையறை அங்கன்வாடிதான். இல்லாதது கருவியும் பயிற்சியும் மதிப்பும்.

இவற்றுள் கருவி எளிது. சிரட்டை, புளியங்கொட்டை, உழக்கு, பனையோலை, ஆற்றுமணல் ஆகியவற்றைத் தாராபாய் வழியில் ஒழுங்குபடுத்தினால் போதும். பயிற்சி சற்றுக் கடினம். கேரள எல்லையில் தமிழ் வீட்டுப் பிள்ளைகள் வரும் அங்கன்வாடிகளில், தமிழும் மலையாளமும் அறிந்த பணியாளர் இருக்க வேண்டும். விளவங்கோட்டுப் பக்கம் மலையாள வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதே நியாயம் பொருந்தும். நமக்குக் கேட்பதை நாம் பிறர்க்கு மறுக்கக் கூடாது. அழ. வள்ளியப்பாவின் பாட்டும் குஞ்ஞுண்ணி மாஷின் பாட்டும் ஒரே முற்றத்தில் ஒலிக்கத் தடை என்ன?

முடிவுரை

மாண்டிசோரியின் கொள்கையில் குறை உண்டு: மொழிகளுக்கிடையே உள்ள ஏற்றத்தாழ்வை அது எண்ணவில்லை, கதைக்கு இடம் சுருக்கியது. நம் நடைமுறையில் அதைவிடப் பெரிய குறை: கொள்கையை விட்டுப் பெயரைப் பிடித்துக்கொண்டோம், ஏழைக்குப் பிறந்ததைக் கட்டணம் கட்டுவோர்க்கு ஆக்கினோம், வீட்டுப் பேச்சை வளர்க்க வந்ததை வீட்டுப் பேச்சை நிறுத்தும் கருவியாக்கினோம்.

நம் சங்கத்தார் ஆண்டுதோறும் கவியரங்கும் பட்டிமன்றமும் நடத்துகிறோம்; அவை தொடரட்டும். அத்தோடு, எல்லையோர அங்கன்வாடி ஒன்றையேனும் தேர்ந்து, வாரம் ஒருநாள் கதை சொல்ல ஒரு பாட்டியை அனுப்பி வைப்போமா? பெரிய செலவில்லை. பாட்டிமார் நம்மிடம் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் பேச்சைக் குறைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் போய், "நீங்க பேசுங்கம்மா, பிள்ளைக்கு அதுதான் வேணும்" என்று சொல்ல வேண்டியது நம் கடமை. அடுத்தமுறை வெள்ளறடை போகும்போது நான் செய்யப்போகும் முதல் வேலை அதுவே.